சோதிக்காத பெட்டி

என் அக்காவின் கணவரை எங்கள் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'நிதானம்' என்றால்தான் தெரியும். குடிநீர் வாரியத்தில் மீட்டர் பார்த்தவர். முப்பத்தொரு வருடம் அடுத்தவர் வீட்டு வாசலில் குனிந்து, இரும்பு மூடியைத் தூக்கி, கட்டைவிரலால் கண்ணாடியைத் துடைத்து, எண்ணைப் பார்த்து நோட்டில் எழுதினார். எழுதி முடித்ததும் இன்னொரு முறை குனிந்து பார்ப்பார். அந்த இரண்டாவது குனிதலுக்காகத்தான் அந்தப் பெயர். கூட வேலை பார்ப்பவர்கள் ஒரு தெருவையே முடித்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருக்கும்போது இவர் நாலாவது வீட்டில் நாயோடு பேசிக்கொண்டிருப்பார். ஆனால் இவர் எழுதிய எண் தப்பு என்று சொல்லிக்கொண்டு ஒருவர்கூட அலுவலகத்துக்கு வந்ததில்லை.

நான் அவருக்கு நேர் எதிர். எனக்கு வாய் நீளம், பொறுமை குட்டை. பைக் சாமான் கடை வைத்திருக்கிறேன். சீட் கவர், கண்ணாடி, ஹெல்மெட், பின்சக்கரத்துக்கு இருபுறமும் தொங்கும் பயணப் பைகள், எல்லாம் உண்டு. பைகளைப் பற்றி இந்தச் சுற்று வட்டாரத்தில் என்னைவிடத் தெரிந்தவன் கிடையாது என்று இருபது வருடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது சொல்வதில்லை.

அக்காவுக்கும் அத்தானுக்கும் பிள்ளை இல்லை. அதைப் பற்றி அவர்கள் புலம்பி நான் கேட்டதும் இல்லை. கல்யாணமான மூன்றாம் வருடம், வாரியத்தின் நீரேற்று நிலையம் ஒன்றுக்கு மீட்டர் பார்க்கப் போனவர் அங்கே ஓர் ஏரியைப் பார்த்துவிட்டு வந்து, அடுத்த சனிக்கிழமை அக்காவைப் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு போனார். அறுபது கிலோமீட்டர். ஒரு கூடாரம், இரண்டு போர்வை, ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டு பழைய சைக்கிள் டியூபால் பின்னால் கட்டியிருந்தார். ஓர் இரவு தங்கிவிட்டு மறுநாள் திரும்பினார்கள். அன்றிலிருந்து வருடத்துக்கு இரண்டு தடவை, பதினெட்டு வருடம், அதே ஏரி, அதே சாக்கு.

"பை விக்கிற மச்சினன் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன். நீங்க சாக்குல கட்டிக்கிட்டுப் போறீங்களே அத்தான், பாக்கறவன் என்னைப் பத்தி என்ன நினைப்பான்?" என்பேன்.

"சாக்கு என்ன பாவம் பண்ணிச்சு மாப்ளே?" என்பார். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

பிறகு அக்காவின் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. வயிற்றில் ஒரு சின்னக் குழாய் வைத்தார்கள். அதன் வழியே இரண்டு லிட்டர் மருந்து நீரை உள்ளே விட வேண்டும், சில மணி நேரம் கழித்து வடித்துவிட்டுப் புது நீர் விட வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு முறை. உடம்பில் சேரும் அழுக்கை அந்த நீர் வாங்கிக்கொண்டு வந்துவிடும். நீர் தடித்த பிளாஸ்டிக் பொட்டலத்தில் வரும், மேலே இன்னொரு உறை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, வாயையும் மூக்கையும் மூடிக் கட்டிக்கொண்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் உறையைப் பிரிக்க வேண்டும். பொட்டலம் ஒரு துளி கசிந்திருந்தாலும் தொடக்கூடாது. உள்ளே கிருமி போனால் உயிருக்கே ஆபத்து என்று மருத்துவமனை நர்சம்மா விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னார்.

வீட்டின் பின்னறையை அத்தான் அதற்காகவே ஒழித்தார். சுவருக்கு வெள்ளையடித்தார், கொக்கி அடித்தார், சன்னலுக்குக் கொசுவலை போட்டார். அக்கா அந்த அறையிலேயே பதினான்கு மாதம் இருந்தாள். ஒருநாள் நான் போயிருந்தபோது மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தவள் சொன்னாள்.

"கூரையப் பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப்போச்சுடா. ஒரே ஒரு ராத்திரி, தலைக்கு மேல ஒண்ணுமில்லாம அந்தத் தண்ணி ஓரத்துல படுத்து எந்திரிச்சா போதும். அதுக்கப்புறம் என்ன வேணா ஆகட்டும்."

"வாயக் கழுவு" என்று அதட்டினேன். அத்தான் மறுநாளே மருத்துவமனைக்குப் போய் நர்சம்மாவிடம் கேட்டிருக்கிறார். கூடாரத்துக்குள் சுத்தமான விரிப்பும், பொட்டலத்தைத் தொங்கவிட ஒரு கம்பும், கை கழுவக் காய்ச்சி ஆறிய தண்ணீரும் இருந்தால் போகலாம் என்றிருக்கிறார் அவர். வண்டியில் போகும்போது பொட்டலம் மட்டும் சேதமாகக் கூடாது. ஆக, ஓர் இரவுக்கு மூன்று பொட்டலம், கைக்காவலுக்கு ஒன்று, மொத்தம் நான்கு. எட்டு கிலோவுக்குக் குறையாது. பழைய சாக்கு இதற்கு ஆகாது என்று அவரே முடிவு செய்து, முதல் முறையாக என் கடைக்குள் வாடிக்கையாளராக நுழைந்தார்.

"விலை கம்மியா இருக்கணும் மாப்ளே. ஆனா நாலும் முழுசா போய்ச் சேரணும்."

"அத்தான், கடையே உங்களுது. விலையாவது ஒண்ணாவது."

"கடை உன்னுது. விலை சொல்லு" என்றார்.

ஐந்து ஞாயிற்றுக்கிழமை என் உயிரை வாங்கினார். அக்கா தீர்த்துப்போட்ட காலிப் பொட்டலங்களில் குழாய்த் தண்ணீர் நிரப்பி, வாயை இறுக்கி முடிந்து கொண்டுவருவார். ஒரு பையை வண்டியில் மாட்டுவார். பொட்டலங்களை அடுக்குவார். கல் குவாரிப் பக்கம் குண்டும் குழியுமாக ஒரு சாலை உண்டு, லாரிக்காரர்களே சபித்துக்கொண்டு போகிற சாலை. அதில் பதினோரு கிலோமீட்டர் போய்வந்து, கடை வாசலில் நின்று ஒவ்வொரு பொட்டலத்தையும் எடுத்துத் தடவிப் பார்ப்பார். பிறகு மீட்டர் நோட்டைப் போலவே ஒரு சின்ன நோட்டை எடுத்துப் பென்சிலால் எழுதுவார். எழுதிவிட்டு மறுபடி தடவிப் பார்ப்பார்.

சீட்டின் பின்னால் கட்டும் உருளைப் பை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அக்காவின் இடுப்பை முன்னால் தள்ளியது, அவள் வயிற்றில் குழாய் இருக்கிறது, வேண்டாம் என்றார். பெட்ரோல் டேங்கின் மேல் வைக்கும் பையில் இரண்டு பொட்டலத்துக்கு மேல் கொள்ளவில்லை. இன்னொன்று அழகான பை, நானே ஆசைப்பட்டு வாங்கி மாட்டியது. அதன் உள்பக்கத்து ஜிப்பின் பல் பொட்டலத்தைக் கீறியிருந்தது. கண்ணுக்குத் தெரியவே இல்லை, அவர் விரலுக்குத் தெரிந்தது.

கடைசியில் அவர் கை வைத்தது எதன் மேல் தெரியுமா? விற்காமல் மூலையில் கிடந்த சேற்று நிறக் கேன்வாஸ் பை. இருப்பதிலேயே மலிவு. ஜிப் கிடையாது, இரண்டு வார்ப்பட்டைதான். அதை எப்போது கழித்துக்கட்டலாம் என்று நானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதுதான் மாப்ளே. உள்ள மட்டும் பழைய கம்பளிய மடிச்சு ஒரு அஸ்தர் தைச்சுக் குடு. புகைபோக்கி வலப்பக்கம் இருக்கு, அந்தச் சூடு படாம பொட்டலத்தை இடப்பக்கம் வைக்கலாம். வெயில்ல கொஞ்சம் கதகதப்பாவும் இருக்கும். அவளுக்குச் சில்லுனு உள்ள போனா வயிறு வலிக்குது."

எனக்கு வந்ததே கோபம். என் கூடப் பிறந்தவள் பதினான்கு மாதம் கழித்து வெளியே போகிறாள், நான் கடையிலேயே மட்டமான பையைத் தைத்துக் கொடுப்பதா? அக்கம்பக்கத்துக் கடைக்காரன் பார்த்தால் காறித் துப்ப மாட்டானா? சரி என்று தலையாட்டிவிட்டுப் பையை வாங்கி உள்ளே போட்டேன். அஸ்தர் தைக்கவில்லை. வேறொரு காரியம் செய்தேன்.

சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. பதினோரு மணிக்கு நான் அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்றேன், கையில் ஒரு ஜோடி கெட்டிப் பெட்டிகளோடு. கறுப்பு நிறம், பூட்டு சாவி, ரப்பர் விளிம்பு, இரும்புச் சட்டம். கடையில் இருப்பதிலேயே உயர்ந்தது. சட்டத்தை நானே வண்டியில் முடுக்கினேன்.

"அக்காவுக்கு என் பரிசு. மழையே கொட்டினாலும் ஒரு சொட்டு உள்ள போகாது."

அத்தான் பெட்டியைச் சுற்றி வந்தார். மூடியைத் திறந்து உள்ளே கைவிட்டுத் தடவினார். பிறகு மெதுவாக, "நல்லாருக்கு மாப்ளே. ஒரு ரவுண்டு போய்ட்டு வந்துடறேன். பதினோரு கிலோமீட்டர்தானே" என்றார்.

அங்கேதான் என் வாய் சும்மா இருக்காமல் போனது. "பதினெட்டு வருஷம் சாக்குல போனீங்க, அதுக்கு எந்தச் சோதனையும் இல்ல. நான் குடுத்தா மட்டும் சோதனையா? என் மேல அவ்வளவுதான் நம்பிக்கையா அத்தான்? அப்படின்னா கழட்டிக்கிட்டே போயிடறேன்."

கழற்ற ஸ்பானரையும் எடுத்துவிட்டேன். அத்தான் நிலைப்படியில் நின்ற அக்காவைப் பார்த்தார். அவள் பச்சை நூல் புடவை கட்டித் தலைக்குத் துணி சுற்றி, அந்த நோய் முகத்திலும் ஒரு களையோடு நின்றுகொண்டிருந்தாள். அவரை உள்ளே வரச் சொல்லிக் கையசைத்தாள். இருவரும் உள்ளே ஏதோ பேசினார்கள். வெளியே வந்த அத்தான் பொட்டலங்களைத் துண்டில் சுற்றி இடப்பக்கப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினார். நான் ஜெயித்துவிட்ட பெருமையில் ஸ்பானரைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

ஞாயிறு காலை பத்து மணிக்குத்தான் அவர்கள் திரும்ப வேண்டும். அன்று எட்டு மணிக்கே நான் போன் செய்தபோது அக்கா வீட்டில் இருந்தாள்.

"ஏரியில ஒரே குளிருடா. எனக்கு ஒத்துக்கல. நேத்து பொழுது சாஞ்சதுமே கிளம்பி வந்துட்டோம்" என்றாள்.

"பெட்டி எப்படி?"

"அருமையா இருந்துச்சு."

நானும் நம்பிவிட்டேன். அத்தான் ஒரு வாரம் கடைப்பக்கம் வரவில்லை. அடுத்த ஞாயிறு பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். வாசலில் வண்டி நின்றது. சுவர் ஓரமாக ஓர் எறும்புச் சாரை, வண்டியின் ஸ்டாண்ட் வழியே ஏறி, இரும்புச் சட்டத்தில் நடந்து, இடப்பக்கப் பெட்டியின் ரப்பர் விளிம்புக்கு அடியில் நுழைந்துகொண்டிருந்தது. பெட்டிக்குள் இனிப்பு ஏதும் வைத்து மறந்துவிட்டார்களோ என்றுதான் முதலில் நினைத்தேன். பூட்டவில்லை, திறந்தேன்.

உள்ளே ஒன்றுமில்லை. அடியில் மட்டும் ஒரு பிசுபிசுப்பு, அதில் ஆயிரக்கணக்கில் எறும்பு. மூலையில் ஒரு துண்டு, நாலாக மடித்தது, அப்பளம் மாதிரி விறைத்துக் கிடந்தது. அந்த மருந்து நீரில் சர்க்கரை உண்டு என்று நர்சம்மா சொன்னது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. கையை உள்ளே விட்டுத் தடவினேன். பூட்டைப் பிடித்திருந்த இரண்டு போல்ட்டுகளின் முனை உள்பக்கம் ஒரு கடலைப் பருப்பு அளவுக்கு நீட்டிக்கொண்டிருந்தது. அத்தானின் விரலுக்கு அன்றே அது தெரிந்திருக்கும். அதனால்தான் அந்த இடத்தில் துண்டை மடித்து வைத்திருக்கிறார். அறுபது கிலோமீட்டர் குலுக்கலில் துண்டு நழுவிவிட்டது.

ஒரு சொட்டு உள்ளே போகாது என்று நான் பெருமையடித்த பெட்டி அது. ஒரு சொட்டு வெளியேயும் வரவில்லை. கேன்வாஸ் பையாக இருந்தால் நனைந்து காட்டிக்கொடுத்திருக்கும், வழியிலேயே வண்டியை நிறுத்தி மற்ற பொட்டலங்களையாவது காப்பாற்றியிருப்பார். இதில் இரண்டு பொட்டலம் கசிந்த நீரில் மற்ற இரண்டும் ஊறிக்கிடந்திருக்கின்றன.

அத்தான் உள்ளிருந்து வந்தார். பெட்டி திறந்திருப்பதைப் பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார்.

"நாலுமே போச்சா அத்தான்?"

"ரெண்டுதான் ஒழுகிச்சு. மத்தது ரெண்டும் நல்லாத்தான் இருந்திருக்கும். ஆனா உறுதியாத் தெரியாதே மாப்ளே. தெரியாததை அவ வயித்துக்குள்ள எப்படி விடறது?"

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ சாப்பிட மாட்டே" என்றார்.

நான் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். திட்டியிருந்தால் திருப்பி நாலு வார்த்தை பேசி ஆற்றிக்கொண்டிருப்பேன். அந்த மனிதர் ஒரு குவளையில் தண்ணீர் கொண்டுவந்து கையில் கொடுத்தார். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். கூடாரம் அடித்து, விரிப்பு விரித்து, கை கழுவத் தண்ணீர் வைத்துவிட்டு ஆறு மணிக்குப் பெட்டியைத் திறந்திருக்கிறார். அக்கா அதுவரை நீரோரம் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். மூடியைத் திறந்தபடியே அவர் நின்றதைப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே எழுந்து போர்வையை மடிக்கத் தொடங்கினாளாம்.

அன்றைக்கே கடையைத் திறந்து கேன்வாஸ் பைக்கு அஸ்தர் தைத்தேன். கம்பளியை இரட்டையாக வைத்து, தையல் முடிச்சு ஒன்றுகூட உள்பக்கம் வராமல், இரண்டு ஊசி உடைத்துத் தைத்தேன். அத்தான் மூன்று முறை குவாரிச் சாலையில் ஓட்டினார். மூன்றாவது முறை அக்காவின் கனத்துக்கு ஈடாகப் பின்சீட்டில் நானும் உட்கார்ந்தேன், நான் அவளைப் போல இரண்டு மடங்கு என்று அவர் சிரித்தார். நான்கு பொட்டலமும் முழுசாக வந்தன. வாரியத்தில் கணக்கு முடிக்கும் வேலை நடந்ததால் நாலு வாரம் தள்ளித்தான் அடுத்த சனிக்கிழமை கிடைத்தது.

அதற்கு மூன்று நாள் முன்பு, புதன்கிழமை காலை, அக்காவின் வயிற்றிலிருந்து வடிந்த நீர் கலங்கி வந்தது. கிருமி. ஏரிக்குப் போனதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று நர்சம்மா அடித்துச் சொன்னார். நான் நம்ப முயன்றுகொண்டே இருக்கிறேன். குழாயை எடுத்துவிட்டார்கள். பிறகு வாரம் மூன்று நாள் மருத்துவமனையில் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தோடு படுக்கை. இறங்கி வந்தால் சுவரைப் பிடித்துத்தான் நடப்பாள். வண்டியில் ஏறுகிற பேச்சே இல்லாமல் போனது.

ஒருநாள் இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவளிடம் சொல்லிவிட்டேன். "உன்னோட அந்த ராத்திரியக் கெடுத்தது நான்தான்க்கா."

"ஒரு மணி நேரம் உக்காந்தேன்ல? அதை எத்தனை தடவ எடுத்து எடுத்துப் பாத்துக்கறேன் தெரியுமா? போடா, போய்க் கடையத் தொற" என்றாள்.

எட்டு மாதம் இருந்தாள். பிறகு போய்விட்டாள்.

அத்தான் ஓய்வு பெற்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் என் கடைக்கு வந்து ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். ஏரிக்கு அவர் போகவில்லை, நானும் கேட்கவில்லை. போன மாதம் ஒருநாள் கேன்வாஸ் பையையும் அந்தப் பெட்டி ஜோடியையும் கொண்டுவந்து வைத்தார். "வேற யாருக்காவது ஆகும்" என்றார். அஸ்தருக்குள் ஏதோ தட்டுப்பட்டது, அந்தச் சின்ன நோட்டு. திருப்பிக் கொடுக்க நீட்டினேன்.

"நீயே வச்சுக்கோ மாப்ளே. நீ படிக்கணும்னுதான் விட்டுருக்கேன்."

அவர் போனபின் பிரித்தேன். ஒரு பைக்கு ஒரு பக்கம். பென்சில் எழுத்து, மீட்டர் எண் மாதிரி கச்சிதம். உருளைப் பை: 11 கி.மீ., நான்கும் முழுசு, இடுப்பைத் தள்ளுகிறது. டேங்க் பை: இடம் போதாது. ஜிப் பை: ஒன்றில் கீறல். கேன்வாஸ்: நான்கும் முழுசு. அடுத்த பக்கம் என் பெட்டி. 'சோதிக்கவில்லை' என்று மட்டும் எழுதியிருந்தார். அதற்குக் கீழே அக்காவின் உருண்டைக் கையெழுத்து.

'தம்பி கொடுத்தது. சோதிக்க வேண்டாம் என்று சொன்னது நான்.'

மீதிப் பக்கம் காலி.

நான் கடையைப் பாதியில் சாத்தினேன். அக்காவின் பின்னறையில் இன்னும் அடுக்கி வைத்திருக்கும் காலிப் பொட்டலங்களில் நான்கை அத்தானிடம் கேட்டு வாங்கி வந்து, தண்ணீர் நிரப்பி, வாயை முடிந்தேன். பெட்டியை என் வண்டியில் முடுக்கி, பொட்டலங்களைத் துண்டில் சுற்றி அடுக்கிப் பூட்டினேன். குவாரிச் சாலையில் பதினோரு கிலோமீட்டர் போனேன், நிதானமாக, அவர் போகிற வேகத்தில். திரும்பி வந்து கடை வாசலில் நிறுத்தித் திறந்தேன். உள்ளே தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றாக எடுத்துத் தடவிப் பார்த்தேன். இன்னொரு முறையும் பார்த்தேன். பிறகு பென்சிலை எடுத்து அக்காவின் எழுத்துக்குக் கீழே எழுதினேன்.

'11 கி.மீ. இரண்டு ஒழுகியது.'